நீண்ட விடுப்பில் ஷரபுன்னிசா

காரைக்குடி கழனிவாசல் சாலையில் இயங்கிவந்த பெண்கள் அரபிக் கல்லூரியின் மேலாளர் சாதிக் அலி, தம்மாமில் குழாய்க் கம்பெனி ஒன்றில் எட்டு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். அந்த எட்டு வருடத்தில் பாலைவனம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம்தான். உள்ளே வரும் பொருளை எழுத வேண்டும். வெளியே போகும் பொருளையும் எழுத வேண்டும். ஊர் திரும்பி மேலாளர் நாற்காலியில் அமர்ந்தபோது, அந்தப் பாடத்தின் முதல் பாதியை மட்டும் கல்லூரி ஏற்றுக்கொண்டது. இரண்டாம் பாதியை விமான நிலையத்துச் சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்களோ என்னவோ, அது காரைக்குடிவரை வந்து சேரவில்லை.

ஆகவே 1996ஆம் வருடத்து நிலவரம் இப்படி இருந்தது. பதிவேட்டின்படி கல்லூரியில் இருநூற்றுப் பன்னிரண்டு மாணவியர் பயின்றுவந்தார்கள். வகுப்பில் முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற எல்லோரும் ‘நீண்ட விடுப்பில்’ இருந்தார்கள். அந்த விடுப்புக்குள்ளேயே அவர்கள் நிக்காஹ் முடித்து, பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் காது குத்தி, மாமியாரோடு பேச்சை முறித்து, மறுபடி பேசவும் ஆரம்பித்திருந்தார்கள். கல்லூரி பெருந்தன்மையோடு காத்திருந்தது.

இந்தப் பெருந்தன்மையில் ஒரு சிறு சங்கடம் உண்டு. அறக்கட்டளையின் விதிப்படி கல்லூரியில் இருநூறு இடங்கள்தான். எனவே இரண்டு வருடமாகப் புதுச் சேர்க்கை கிடையாது. வாடகைக்கு எடுத்திருந்த செட்டியார் வீட்டின் வளவில் முற்றத்தைச் சுற்றித் தூண்கள் மட்டும் வரிசையாக நின்று பாடம் கேட்டுக்கொண்டிருக்க, மகளைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன்மார்களிடம் சாதிக் அலி மிகுந்த துக்கத்தோடு “இடமில்லைங்க பாய்” என்று சொல்லி அனுப்பினார். இதனால் கல்லூரியின் மதிப்பு ஊரில் எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. மருத்துவக் கல்லூரியில்கூட ஆளைப் பிடித்து இடம் வாங்கிவிடலாம், இங்கே முடியாது என்று பேசிக்கொண்டார்கள்.

பெயரை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால், அதற்குக் காரணம் சாதிக் அலியின் மாமியார்.

பள்ளிவாசல் ஜமாஅத்தின் குடும்பப் பதிவேட்டில் ஒருவர் பெயர்மேல் சிவப்புக் கோடு விழுந்தால் அவர் மௌத்தாகிவிட்டார், உயிரோடு இல்லை என்று அர்த்தம். இது கைக்குழந்தைக்கும் தெரியும். 1983இல் அன்றைய கல்லூரி எழுத்தர், வெளியூர்க்காரர், இந்த வழக்கம் அறியாதவர். மூன்றாம் வருடம் தொடங்கும் முன்பே கல்யாணம் நிச்சயமாகிப் படிப்பை நிறுத்திய ஷரபுன்னிசா என்ற பெண்ணின் பெயரைச் சிவப்பு மையால் நேர்த்தியாக, அளவுகோல் வைத்து, அடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒக்கூர்ப் பெரியம்மா ஒருத்தி அதை மேசைமேல் பார்த்தாள். எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் கோடு வாசிக்கத் தெரிந்தவள். “இது யாரு?” என்றாள். “ஷரபுன்னிசா” என்றார் எழுத்தர். அவ்வளவுதான். அன்று மாலை ஒக்கூர் பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் மாரடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தது மணப்பெண். கையில் மருதாணி. மாப்பிள்ளைக்கு அத்தை முறையான ஒருத்தி அந்த இடத்திலேயே மயங்கி விழுந்து, எழுந்து, தேநீர் குடித்த பிறகுதான் தெளிந்தாள்.

மறுநாள் பெண்ணின் தாய் கல்லூரிக்கு வந்து நின்ற நிலையையும், எழுத்தரை நோக்கிப் பேசிய பேச்சையும் அச்சில் ஏற்ற முடியாது. முடிவாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. இனி எந்தப் பெண் பெயர்மீதும் கோடு விழாது. போகிறவர்கள் எல்லோரும் நீண்ட விடுப்பில் இருப்பார்கள்.

அந்த மணப்பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளைதான் சாதிக் அலி. கல்யாணமான கையோடு தம்மாம் போனவர் தொண்ணூற்றொன்றில் திரும்பிவந்து கல்லூரியில் மேலாளரானார். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பதிவேட்டில் எல்லாப் பெயர்களையும் முத்து முத்தாக எழுதும்போது, ‘ஷரபுன்னிசா, மூன்றாம் வருடம், நீண்ட விடுப்பு’ என்று தன் மனைவியின் பெயரையும் எழுதிவந்தார். வீட்டில் அவள் சோறு வடித்துக்கொண்டிருப்பாள்.

*

கல்லூரியில் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதிவேடு மட்டுமே பதில் சொல்லவில்லை. முதல்வர் ஜுலைகா ஆலிமாவுக்குத் தனிக் கணக்கு இருந்தது. இலக்கணம் பிசகாமல் ஒரு பக்கம் வாசிக்கிறவர்களை மட்டுமே அவர் மாணவியாக எண்ணுவார். அதன்படி கல்லூரியில் பதினொரு பேர். “மிச்சப் பேரு வர்றாங்க, உக்கார்றாங்க, போறாங்க. மாணவி ஆகட்டும், எண்ணிக்குவோம்” என்பார். சமையல்கட்டில் பாத்துமுத்து அக்கா ஐம்பது பேருக்கு உலை வைப்பாள். பெண்ணைப் பார்க்க வரும் தாய்மார், அவர்களைக் கூட்டிவரும் தம்பிமார், பால்காரர், காலையும் மாலையும் வந்து பசிப்பதால் இரண்டாக எண்ணப்படும் வாட்ச்மேன் எல்லோரும் அதில் சேர்த்தி. அறக்கட்டளைத் தலைவர் முஜிபுர் ரகுமான், நூறடி ரோட்டில் இரும்புக்கடை வைத்திருப்பவர், வருடம் ஒருமுறை மலேசியா போய்ச் சந்தா திரட்டும்போது “ஒரு முந்நூறு புள்ளைக” என்பார். கடல் தாண்டும்போது சரக்கு கொஞ்சம் உப்பத்தான் செய்யும் என்பது அவர் வியாபார அனுபவம்.

நான்கு கணக்குகளும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. அதனால் நிர்வாகம் மிகச் சுமுகமாக நடந்துவந்தது.

அப்படிப்பட்ட ஒரு மார்ச் மாதக் காலையில், அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்மணி சேர்க்கை விண்ணப்பத்தோடு வந்து நின்றார். சாதிக் அலி தலையைத் தூக்காமலே கை நீட்டினார்.

“பேரு?”

“தெரியாதாக்கும்?”

நிமிர்ந்து பார்த்தார். ஷரபுன்னிசா. மேலாளர் ஒரு கணம் கணவராகித் திகைத்து, உடனே சுதாரித்துக்கொண்டு மறுபடி மேலாளரானார்.

“ஆபீஸ்னா ஆபீஸ். பேரச் சொல்லு.”

“ஷரபுன்னிசா. அத்தா பேரு காதர் மைதீன். வீட்டுக்காரக பேரச் சொல்ல மாட்டேன். எதுக்கதான் உக்காந்திருக்காக, கோவிச்சுக்குவாக.”

“என்ன புள்ள இது? வீட்டுல சொல்லக்கூடாதா?”

“வீட்டுல சொன்னா, ஆபீஸ்ல வந்து சொல்லுன்னுவீக. அதான் நேரா வந்துட்டேன். மூணாவது வருஷத்துல சேரணும்.”

“இடமில்லம்மா.”

“அம்மாவா?”

“இடமில்ல புள்ள. இருநூத்திப் பன்னெண்டு பேரு இருக்காக. அதுபோக, நீ ஏற்கெனவே இங்க படிச்சுக்கிட்டு இருக்கே. படிக்கிறவளத் திரும்ப எப்புடிச் சேக்குறது? ரெட்டைப் பதிவு ஆயிரும்.”

ஷரபுன்னிசா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“நானா படிச்சுக்கிட்டு இருக்கேன்? நேத்து உங்க கைலி ஓரத்தத் தச்சுக் குடுத்தேனே, அது எந்தக் கிதாபு மச்சான்?”

அவளிடம் இன்னும் பேச்சு இருந்தது. அது கேலியாக இல்லை.

தெருவில் பெண்கள் எதற்கும் அவளிடம்தான் வருவார்கள், இரண்டு வருடம் கல்லூரியில் ஓதியவள் என்று. சுத்தம், தொழுகை, நோன்பு என்று எது கேட்டாலும் கிதாபில் உள்ளபடி சொல்லுவாள். போன வாரம் பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்தாள். அத்தா மௌத்தாகி நாற்பதாம் நாளும் முடிந்துவிட்டது. அண்ணன்மார் வீட்டை விற்கப் போகிறார்கள். தனக்கு அதில் என்ன பங்கு, வாய் திறந்து கேட்கலாமா கூடாதா என்று கேட்டாள். வாரிசுப் பங்கு, திருமணம், மணவிலக்கு எல்லாம் மூன்றாம் வருடப் பாடம்.

“அந்தப் பாடம் வர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணம் வந்துருச்சு. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. ‘மறந்துட்டேன்’னு பொய் சொன்னேன் மச்சான். அவ தலைய ஆட்டிக்கிட்டுப் போயிட்டா. புள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதுக. பத்து மணிக்கு மேல நான் சும்மாதான இருக்கேன்?”

விண்ணப்பத்தை உள்ளே தள்ளிவிட்டு அவள் போய்விட்டாள். சாதிக் அலி அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல், வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இடமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கென்று கல்லூரியில் கோப்பே இருக்கவில்லை.

*

அந்த வாரமே அறக்கட்டளையிலிருந்து ஓர் ஓலை வந்தது. பக்ரீத் கழித்து நிர்வாகக் குழு கூடும். பல்கலைக்கழகத் தபால்வழிப் பட்டத்தையும் மார்க்க அறிஞராக்கும் ஆலிமா படிப்பையும் சேர்த்து நடத்த ஆசிரியர்கள் வைப்பதா, அல்லது கல்லூரியையே மூடி வீட்டை உரிமையாளரான நாகம்மை ஆச்சியிடம் திருப்பிக் கொடுப்பதா என்று அதில் முடிவாகும். ஐம்பது பேருக்குக் குறைந்தால் மூடுவது என்று பழைய விதி ஒன்று உண்டு. எனவே கணக்கு துல்லியமாக வேண்டும். துல்லியத்துக்காக ஒரு கம்ப்யூட்டரும் வாங்கப்பட்டிருக்கிறது.

கம்ப்யூட்டரோடு ஆரோக்கிய பிரபு வந்தான். செக்காலை ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் இளைஞன். பெட்டியைப் பிரித்து, மேசையில் வைத்து, சுற்றிச் சாம்பிராணி காட்டாத குறையாக ஒரு முறை துடைத்துவிட்டு, முதல் பெயரை அடித்தான். அடுத்த பெயருக்குப் போக விடாமல் அது நின்றது.

“என்ன தம்பி கேக்குது?”

“வெளியேறுன தேதிண்ணே. போன ஆளுகளுக்கு அதப் போடணும்.”

“யாரும் போகலையே தம்பி. விடுப்புல இருக்காக.”

“எம்புட்டு நாளாண்ணே?”

“இந்தப் புள்ள எம்பத்தி மூணுலருந்து.”

ஆரோக்கிய பிரபு திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். தொழில் தர்மம் அறிந்தவன். சிரிக்கவில்லை.

“அப்ப ஏதாச்சும் வரப்போற தேதி ஒண்ணு போட்டு விடுவம்ணே. 31-12-99ன்னு போடுறேன். மெஷினு வாய மூடிக்கும்.”

இப்படியாக, நூற்றெண்பத்தொரு மாணவியரும் 1999 டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ஒரே நாளில் கல்லூரியை விட்டு வெளியேறுவதாகக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. அன்று வாசலில் நெரிசல் ஏற்படுமே என்ற கவலை சாதிக் அலிக்கு நியாயமாகவே வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விடுப்புக்காரர்களைக் கழித்தால் முப்பத்தொரு பேர், கல்லூரி மூடப்படும். கழிக்காவிட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு, கல்லூரி நிரம்பி வழியும், ஷரபுன்னிசாவுக்கு இடமில்லை. உண்மை சொன்னால் வகுப்பே இராது. பொய் சொன்னால் வகுப்பில் நாற்காலி இராது.

இரவுச் சாப்பாட்டில் இதை அவர் மனைவியிடம் அரசாங்க ரகசியம்போல் சொன்னார். அவள் ஆணம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“விடுப்புல இருக்கிறவுகளக் கேட்டீகளா?”

“என்னத்தக் கேக்குறது?”

“வாறீகளா, இல்லையான்னு.”

சாதிக் அலி சாப்பிடுவதை நிறுத்தினார். தம்மாமில் ஸ்டோர் கணக்கு உதைத்தால், சரக்கு கிடக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பார்கள். கல்லூரியின் பதினாறு வருட வரலாற்றில், விடுப்பில் போன ஒருவரிடமும் எப்போது திரும்புவாய் என்று யாரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

*

பொதுத்தேர்வு முடிந்து வெயில் ஏறிய நாட்களில் மேலாளரும் மாணவியும் எம்-எய்ட்டி வண்டியில் புறப்பட்டார்கள். சாதிக் அலி பதினேழு கட்டங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்திருந்தார். தகப்பனார் தொழில், வீட்டு ஓடு நாட்டு ஓடா சீமை ஓடா என்பது உட்பட. முதல் வீட்டில், புதுவயலில், அதை வாங்கிப் பார்த்த பெண் “ரேஷன் கார்டா?” என்று கேட்டு, மண்ணெண்ணெய் டின்னை எடுத்துவர உள்ளே போனாள். ஷரபுன்னிசா படிவங்களை வண்டிப் பெட்டியில் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு ஒரே கேள்விதான்.

“விட்ட இடத்துலருந்து ஓத வாறியா? வந்தா எந்நேரம் வர முடியும்?”

பதில்கள் வேறு வேறு குரலில் வந்தாலும் நேரம் மட்டும் ஒன்றாகவே இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, பிள்ளை திரும்புவதற்கு முன். புருசன் மலேசியாவிலோ கடையிலோ இருப்பான். பத்திலிருந்து இரண்டு. கல்லூரியோ விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்த கையோடு தொடங்கி, விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே தோதான நேரத்தில் நடந்துகொண்டிருந்தது.

எல்லோரும் வருவதாகச் சொல்லவில்லை. “இனிமே என்னத்த லாத்தா, இடுப்பு வலி” என்று சொன்னவர்கள் உண்டு. சிங்கப்பூர் போய்விட்டவர்கள் உண்டு. கண்டனூரில் ஒரு மாமியார், மருமகளை அனுப்ப முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, “ஆனா நான் வரலாமா? எனக்கும் பத்து மணிக்கு மேல வேலையில்ல” என்றாள். ஒக்கூரில் ஒருத்தி, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், கேள்வி முடியும் முன்பே முறத்தைக் கீழே வைத்தாள்.

“விடுப்பு முடிஞ்சிருச்சா? என்னைக்கு வரணும்?”

மணி அடிப்பதற்காகக் காத்திருந்தவள்போல் அவள் கேட்டாள். சாதிக் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெயிலின் கொடுமை என்று சொல்லி ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

நூறடி ரோட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஷரபுன்னிசா தனியாகப் போனாள். மேலாளர் வெளியே வண்டியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, யாரோபோல் நின்றார். அது இரும்புக்கடை முதலாளி வீடு.

*

நிர்வாகக் குழு மே மாதக் கடைசியில், வளவில் விரித்த ஜமுக்காளத்தில் கூடியது. ஆச்சியின் முன்னோர் நிலைக்கு மேலே செதுக்கிவைத்த சிற்பத்துக்குக் கல்லூரி போட்டிருந்த பச்சைத் திரை காற்றில் லேசாக ஆடியது. தலைவர் முஜிபுர் ரகுமான் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“மேனேஜர், ஒரே நம்பரு சொல்லுங்க. எத்தன மாணவி?”

“மாணவின்னா யாருங்க முதலாளி?”

கேள்வி பணிவாகத்தான் வந்தது. ஆனால் பாத்துமுத்து கொண்டுவந்த தேநீர் இரண்டு முறை ஆறும்வரை அதற்கு விடை கிடைக்கவில்லை. பேர் இருந்தால் மாணவி என்றார் தேவகோட்டை உறுப்பினர். அப்படியானால் தன் வீட்டு ரேஷன் கார்டில் மௌத்தான மாமனார்கூட இன்னும் சீனி வாங்குகிறார் என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர். பாடம் கேட்டால்தான் மாணவி என்றார் ஜுலைகா ஆலிமா. பசித்து வந்தால் மாணவி என்ற கருத்து சமையல்கட்டுப் பக்கமிருந்து, உறுப்பினரல்லாத ஒருவரால், முன்வைக்கப்பட்டது.

சாதிக் அலி எழுந்து நின்றார்.

“இன்னைக்கு வகுப்புல உக்கார்றது முப்பத்தொண்ணு. இதுதான் உண்மை. இருநூத்திப் பன்னெண்டுங்கிறது என் கையெழுத்து. ஆலிமாவோட பதினொண்ணு அவுக கோவம். பாத்துமுத்து அக்காவோட அம்பது அவுக மனசு. முந்நூறு…”

“அது மலேசியா” என்றார் தலைவர் அவசரமாக.

“ஆமாங்க, அது மலேசியா.”

“அப்ப முப்பத்தொண்ணுன்னா விதிப்படி மூட வேண்டியதுதான?” தலைவர் குரல் தாழ்ந்தது. அவருக்கும் மனமில்லை. ஆனாலும் விதி அவரே எழுதியது.

“இன்னொரு கணக்கு இருக்குங்க. இது யாருமே எடுக்காத கணக்கு. விடுப்புல இருக்கிறவுகள வீடு வீடாப் போய்க் கேட்டோம். பத்துலருந்து ரெண்டு மணி வரைக்கும் வகுப்பு வச்சா முப்பத்தெட்டுப் பேரு ஜூன்ல வர்றேன்னு சொல்லியிருக்காக. பேரு, ஊரு, எந்த வருஷத்துல விட்டாக, எல்லாம் இருக்கு. போக, இடமில்லன்னு நான் திருப்பி அனுப்புன புள்ளைக தனி.”

“கல்யாணமானவுக வர்றேன்னு சொல்லுவாக மேனேஜர். ஒரு வளைகாப்பு வந்தா நின்னுக்குவாக. நிசமா வருவாகன்னு என்ன நிச்சயம்? யாராவது நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு சொல்லுங்க.”

சாதிக் அலி ஷரபுன்னிசா பெயரைச் சொல்ல வாயெடுத்தார். சொந்த மனைவியைச் சாட்சிக்கு இழுப்பது முறையா என்று தயங்கி, கையிலிருந்த தாளில் அடுத்த பெயரை வாசித்துவிட்டார்.

“சபா. நாலாவது வருஷம். நூறடி ரோடு. பத்து மணிக்கு மேல.”

சபா தலைவரின் மகள். மாப்பிள்ளை சிங்கப்பூரில். மூன்று வருடமாகத் தகப்பன் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள்.

முஜிபுர் ரகுமான் தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“எங்கிட்ட அவ சொல்லவே இல்லையே.”

“நீங்க கேட்டீகளா பாய்?” என்றார் ஜுலைகா ஆலிமா. குரலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

“கேக்கல” என்றார் தலைவர். கொஞ்சம் பொறுத்து, “பத்து மணிக்கு எங்க வீட்டுக் காரு சும்மாதான் நிக்கிது. கண்டனூர்ப் பக்கத்து ஆளுக வந்தா அதுலயே ஏத்திக்கிட்டு வரலாம்” என்றார். நிர்வாகக் குழுவின் தீர்மானங்களில் தானாக வந்தது அது ஒன்றுதான்.

மற்றவை இழுபறிக்குப் பின் வந்தன. கல்லூரி மூடப்படாது, பத்து மணி வகுப்பும் தபால்வழிப் பட்டமும் ஜூனில் தொடங்கும். வருடா வருடம் திறந்த பத்தாம் நாள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலைகளை ஆலிமா எண்ணுவார். இலக்கணம் தெரியாத தலையும் தலைதான். அவர் கையெழுத்திட்ட அந்த ஒரு எண்ணையே அலுவலகமும் சமையல்கட்டும் கம்ப்யூட்டரும் சொல்ல வேண்டும். “வெளிநாட்டுலயுமா?” என்று தலைவர் கேட்டார். வெளிநாட்டிலும் என்று குறிப்பு எழுதப்பட்டது. போனவர்களின் பெயர்மேல் கோடு போடாமல், அவர்களைக் கேட்டுக்கொண்டே, பச்சை அட்டை போட்ட இன்னொரு பதிவேட்டுக்கு அவர்களை மாற்றுவது. அதற்குச் சிவப்பு மை அலுவலகத்துக்குள்ளேயே வரக்கூடாது. இந்தக் கடைசி விதிக்கு சாதிக் அலியின் மாமியாரிடம் முன்அனுமதி பெறுவதென்றும் ஒருமனதாக முடிவாயிற்று.

*

ஜூன் முதல் வாரம், பத்து அடிக்கச் சில நிமிடம் இருந்தது. கண்டனூர் மாமியார் முதல் ஆளாக அம்பாசிடர் காரிலிருந்து இறங்கினாள். மருமகள் பின்னால் இறங்கினாள். என்ன பேசி முடித்தார்களோ தெரியாது, இருவர் கையிலும் கிதாபு இருந்தது.

ஷரபுன்னிசா அலுவலக ஜன்னலில் வந்து நின்றாள்.

“விண்ணப்பம் தேவையில்ல” என்றார் சாதிக் அலி. “நீ புதுச் சேர்க்கையில்ல. விடுப்பு முடிஞ்சு திரும்புறே. அதுக்குக் காப்பாளர்கிட்ட இருந்து விடுப்புக் கடிதம் வேணும். காரணத்தோட. விதி.”

“காப்பாளர் யாரு?”

மேலாளர் சற்று யோசித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, மிகுந்த மரியாதையோடு எழுதலானார்.

‘மேலாளர் அவர்களுக்கு, என் மனைவி ஷரபுன்னிசா 1983ஆம் வருடம் முதல் கல்லூரிக்கு வர இயலவில்லை. காரணம், என்னைக் கல்யாணம் செய்துகொண்டது. அன்புகூர்ந்து பொறுத்துக்கொண்டு வகுப்பில் அனுமதிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, சாதிக் அலி.’

எழுதி முடித்து, மேலாளர் என்ற முறையில் அதைப் பெற்றுக்கொண்டு, முத்திரை குத்தி, முதல்வரின் பார்வைக்கு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் அது திரும்பி வந்தது. ஓரத்தில் ஜுலைகா ஆலிமாவின் நிமிர்ந்த கையெழுத்து: ‘காரணம் போதுமானதாக இல்லை. இருந்தாலும் இந்த ஒரு முறை அனுமதிக்கப்படுகிறது. மறுபடி நேரக்கூடாது.’

ஷரபுன்னிசா அதை வாசித்து, வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே போனாள். வளவில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. சாதிக் அலி கம்ப்யூட்டரைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார். அவள் பெயர் வந்தது. “ஹாழிர்” என்று ஒரு குரல் எழுந்தது. வீட்டில் அவரைக் கூப்பிடும் குரல்தான். ஆனால் அதில் ஒரு பதினெட்டு வயதுக்காரி இருந்தாள்.

வாரிசுப் பங்குப் பாடம் ஆடி மாதக் கடைசியில் வந்தது. வகுப்பு விட்டதும் ஷரபுன்னிசா வீட்டுக்குப் போகாமல் நேரே தையல்காரி வீட்டுக்குப் போனாள். வீடு இன்னும் விலை படியவில்லை. “மறந்துட்டேன்னு சொன்னேன்ல, அது பொய். படிக்கல. இப்பப் படிச்சுட்டேன். உங்க அண்ணன்க ஆளுக்கு ரெண்டு பங்கு எடுத்தா உனக்கு ஒரு பங்கு. வாயத் தொறந்து கேளு. நான் கூட வாறேன்” என்றாள். தையல்காரி கேட்டாள். கிடைத்தது. அடுத்த வருடச் சேர்க்கைக்கு அவள் பெயர்தான் முதலில் வந்தது.

அதற்கு முன்பே, அந்த ஜூனில் ஆலிமா எடுத்த பத்தாம் நாள் எண்ணிக்கை அறுபத்தொன்பது. சாதிக் அலி அதைத் தாளில் பெரிதாக எழுதி, ஆலிமாவிடம் கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் ஒன்றும் சமையல்கட்டுச் சுவரில் ஒன்றுமாக ஒட்டினார்.

பாத்துமுத்து அக்கா அகப்பையோடு வந்து அதை மேலும் கீழும் பார்த்தாள்.

“இதான் கணக்கா தம்பி?”

“இதான்க்கா. இனிமே எல்லாருக்கும் ஒரே கணக்கு.”

“நல்லது.” அவள் உலையின் பக்கம் திரும்பினாள். “அதுக்கு மேல அஞ்சு படி போட்டிருக்கேன். அடுத்த மாசம் இன்னும் வருவாகள்ல?”

விதிமீறல்தான். சாதிக் அலி அதைப் பதிவு செய்யவில்லை.